கூடுதலாக ஒரு படிவம்

தலைமையாசிரியை பொற்கொடிக்கு ஐம்பது வயது. அவருடைய குரு சாதிக்குக்கு முப்பத்திரண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியே பழகிய அந்த அம்மாள், அவர் மேசைக்கு எதிரில் மட்டும் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருப்பார்.

கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிகளைப் பற்றிப் பொற்கொடி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அதே பொருளில் ஞானதிரவியம் என்பவர் 1987இலேயே ஓர் ஆய்வேடு கொடுத்திருந்தார். அதைப் படித்துவிட்டு வந்தால்தான் கையெழுத்து என்று நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். பதிவுக்காலம் முடிய மூன்று மாதம்தான் இருந்தது. ஏடு கிடைக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் அம்போ.

கிடைத்தால்தானே. இணையதளத்தில் தலைப்பும் இரண்டு பக்கச் சுருக்கமும் இருந்தன. அதற்குக் கீழே, முழு ஏடு பார்வைக்கு இல்லை என்று ஒரு வரி. நூலகப் பட்டியலில் எண் இருந்தது, அலமாரியில் ஏடு இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமை தேடியும் பயனில்லை. வேறு நான்கு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டார்கள். நான்கு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பொற்கொடிக்குப் பொறுக்கவில்லை. "பூதம் காக்குற புதையலா சார் இது? நாலு பேர் படிச்சா எழுத்து தேஞ்சா போயிரும்?"

சாதிக் எழுந்து போய், ஞானதிரவியத்துடன் ஒரே நெறியாளரிடம் படித்த இன்னொருவரின் ஏட்டைக் கொண்டுவந்தார். நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து வைத்தார். இதையெல்லாம் யாராவது படிப்பார்களா என்று நினைத்துக்கொண்டேதான் பொற்கொடி படித்தார். பதினோராவது வரியில், நாசரேத்து நண்பர் ஞானதிரவியத்துக்கு நன்றி என்று இருந்தது.

"ஏட்டைத் தேடுனீங்க டீச்சர். எழுதுனவரத் தேடலையே."

அந்த ஊரில் தெரிந்த நூலகர் ஒருவர் மூலம் முகவரி வாங்கி, சாதிக்கே கடிதம் போட்டார். இரண்டு வாரத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. தட்டச்சு செய்து, ஓரம் பழுத்துப்போன சொந்தப் பிரதி. பொற்கொடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்ததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

படித்தபோது இன்னும் நிம்மதி. பொற்கொடி எங்கே தொட்டிருக்கவில்லையோ அங்கேதான் ஞானதிரவியம் தொட்டிருந்தார். ஞானதிரவியம் விட்ட இடத்தில் அவர் தொடங்கியிருந்தார். நெறியாளர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் வாய்மொழித் தேர்வும் நல்லபடியாக முடிந்தது.

பிறகு ஒரு நாள் தன் ஏட்டையும் ஒப்புதல் படிவத்தையும் எடுத்துக்கொண்டு சாதிக்கிடம் வந்தார். படிவத்தில் இரண்டே கட்டம். ஏட்டை இணையத்தில் எல்லாரும் படிக்கலாம் என்பது முதல் கட்டம். ஐந்து வருடம் மூடி வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. பொற்கொடி இரண்டாவதில் குறியிட்டிருந்தார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முன்பு ஒரு கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை, மறுவருடம் வேறொருவர் பெயரில் அச்சாகி வந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா? ஆனாலும் படிவத்தை நீட்டியபோது அவரால் சாதிக்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பா சார்?"

"உங்க உழைப்பு டீச்சர். உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நாசரேத்திலிருந்து வந்த அந்த உறைக்குள் இருந்தது, நூலகருக்கு என்று எழுதியிருந்ததால் அவரிடமே தங்கிவிட்டது.

பொற்கொடி படித்தார்.

'ஐயா, ஏட்டை யாருக்கும் காட்டக் கூடாது என்று அந்தக் காலத்தில் உங்கள் நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். யாராவது திருடிவிடுவார்கள் என்று பயம். நான் கேட்டதற்கு மேலேயே பத்திரமாக வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இத்தனை வருடத்தில் திருடக்கூட ஒருவரும் வரவில்லை. இப்போது ஒரு டீச்சர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை என் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பிரதியை அவரே வைத்துக்கொள்ளட்டும்.'

பொற்கொடியும் அதை இரண்டு தடவை வாசித்தார். ஐந்து வருடம் கழித்துத் தன் ஏட்டைத் திறந்துவிடச் சொல்லி யார் வந்து நினைவுபடுத்துவார்கள் என்று யோசித்தார். ஒருவர் பெயரும் தோன்றவில்லை. அவருக்கே மறந்து போயிருக்கும்.

"வேற படிவம் இருக்கா சார்?"

சாதிக் கடிதத்தை நகர்த்தினார். அதற்கு அடியில் வெற்றுப் படிவம் ஒன்று இருந்தது. பொற்கொடி முதல் கட்டத்தில் குறியிட்டார். கையெழுத்தும் போட்ட பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

"நான் கேக்கறதுக்கு முந்தியே எடுத்து வச்சிட்டீங்களே, எப்படி சார்?"

சாதிக் பழைய படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"என்னோட ஏட்டுக்கும் ரெண்டு படிவம் ஆச்சு டீச்சர்."