சிக்னல் நல்லா இருக்குங்க டாக்டர்

பல் டாக்டர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்து நான்காம் வயதில் மாடல் விமானம் பறக்கவிடும் ஆசை வந்தது. குருவாக வாய்த்தவர் யமுனாதேவி. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். டாக்டரைவிட இருபது வயது இளையவர். கோவைக்குக் கிழக்கே ஒரு வறண்ட குளத்தில் ஞாயிறுதோறும் காலையில் வகுப்பு நடக்கும்.

முதல் விமானம் விழுந்தது.

“என்னாச்சுங்க டாக்டர்?” என்றார் குரு.

“சிக்னல் போயிருச்சுங்க மாஸ்டர்.”

“அப்படீங்களா.”

நான்கு மாதம் கழித்து இரண்டாவதும் விழுந்தது. இறக்கை வேலமரத்தின் உச்சியில் கிடந்தது, மீதி மரத்தடியில்.

“சிக்னலுங்களா?” என்று குருவே எடுத்துக்கொடுத்தார்.

“ஆமாங்க. உங்களுக்கு மட்டும் ஏனுங்க மாஸ்டர் சிக்னலே போறதில்ல?”

“தெரியலீங்க.”

“என்னோட ரிமோட்டை மாத்தோணும்.”

“மாத்துங்க. புது ரிமோட் வந்ததும் அதுகிட்டயே கேளுங்க. ஆனா மூணாவதும் விழுந்தா நீங்க வேற குருவைப் பாத்துக்கோணும். எனக்குப் பட்டறையில வேலை கிடக்குது.”

டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வட்டாரத்தில் வேறு குரு கிடையாது.

புது ரிமோட் வந்தது. குரு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை சேனலுங்க?”

“பதினாறுங்க மாஸ்டர்.”

“விமானத்துக்கு எத்தனை வேணும்?”

“நாலுங்க. மேல கீழ போக, சாய்க்க, திருப்ப, வேகத்துக்கு.”

“மீதி?”

“பின்னாடி தேவைப்படும்ங்க.”

அந்த ரிமோட் பேசவும் பேசும். சிக்னல் எப்படி இருக்கிறது என்று பத்து நொடிக்கொரு தரம் சொல்லும். நாம் விரும்பிய குரலைப் பதிந்துகொள்ளலாம். டாக்டர் தம் கிளினிக் நர்ஸ் அமிர்தவல்லியின் குரலைப் பதிந்திருந்தார். நோயாளிகளைப் பயப்படாமல் உட்கார வைக்கும் குரல் அது.

“பழைய ரிமோட்டை என்னங்க பண்றது?”

“எங்கிட்டக் குடுங்க,” என்று குரு வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது விமானம் மஞ்சள் நிறம். பால்சா என்ற லேசான கட்டையை டாக்டரே அறுத்து, ஒட்டி, இழைத்துச் செய்தது. ஜோராக மேலே ஏறியது.

“சிக்னல் நல்லா இருக்குங்க டாக்டர்,” என்றது அமிர்தவல்லியின் குரல்.

டாக்டர் குருவைப் பெருமையாகப் பார்த்தார். விமானம் குளத்தின் மறுகரையில் திரும்பி அவரை நோக்கி வந்தது. வரும் வழியில் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக டாக்டர் ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். விமானம் இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினார்.

“சிக்னல் நல்லா இருக்குங்க டாக்டர்.”

விமானம் மூக்கால் மண்ணைக் குத்தியது.

புழுதி அடங்கியதும் ரிமோட் நிதானமாகச் சொன்னது: “சிக்னல் போயிருச்சுங்க டாக்டர்.”

“இப்பத்தான் போச்சு,” என்றான் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன்.

குரு நடந்து வந்தார். “என்னாச்சுங்க டாக்டர்?”

டாக்டர் வாயைத் திறந்தார். கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். அதை அணைத்தார். அணைத்த பிறகும் அது ஏதாவது சொல்லிவிடும் போலிருந்தது.

“எதிர்ல வர்றப்ப இடது வலது மாறிப்போச்சுங்க மாஸ்டர். நாந்தான் தப்பாத் தள்ளீட்டேன்.”

“கிளினிக்கிலயும் ஆளு எதிர்லதானுங்களே உக்காந்திருக்கும்? அங்க மாறாதுங்களா?”

“மாறாதுங்க.”

“ஏன்?”

“அங்க கத்துவாங்க.”

குரு சிரிக்கவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். டாக்டரும் பக்கத்தில் குந்தினார்.

“அந்தப் பழைய ரிமோட்டைத் திருப்பித் தர்றீங்களா மாஸ்டர்?”

“அது முடியாதுங்க. எனக்கும் எப்பவாச்சும் விழும். அன்னைக்குச் சொல்றதுக்கு ஏதாச்சும் வேணுமல்லங்க.”

டாக்டர் வால் துண்டை எடுத்துத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. இருந்தும் துடைத்தார்.

“மூணும் விழுந்துருச்சு. இனி நான் வேற குருவைத்தான் பாக்கோணுங்களா?”

“மூணா?” குரு நிமிர்ந்தார். “முதல் ரெண்டும் சிக்னல் கீழே போட்டதுங்க. நீங்க போட்டது இது ஒண்ணுதான். உங்களுக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது.”