காதை மடித்த முயல்களும் காட்டுத்தீயும்

மூங்கில் காட்டின் நடுவே முயல்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நெடுஞ்செவியார் என்ற கிழட்டு முயல் அங்கே வாத்தியார். அவர் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு. பாடம் ஒப்பிக்கும்போது அவர் உட்பட எல்லோரும் இரண்டு காதுகளையும் முதுகோடு மடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை!

"புகை கண்டால்?" என்று கேட்பார்.

"கிழக்கே ஓடு! கிழக்கே பாறை! பாறையே காப்பு!" என்று குட்டிகள் கத்தும்.

தும்பை என்ற தாய் முயலும் அங்கே படித்தவள்தான். அந்தப் பாடத்தை அவளைப் போல யாரும் ஒப்பித்ததில்லை என்று வாத்தியாரே சொல்வார். இப்போது அவளுடைய இரண்டு குட்டிகளும் அதே வகுப்பில் காதை மடித்து உட்கார்ந்திருந்தன.

ஒரு கோடை மத்தியானம் தும்பை வளை தோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூக்கு எரிந்தது. புகை! காதை நிமிர்த்தினாள். மேற்கே மூங்கில்கள் பட் பட்டென்று வெடித்தன.

பள்ளிக்கூடத்துக்குப் பறந்தாள். வழியெல்லாம் அவள் வாய் தானாக முணுமுணுத்தது: "கிழக்கே ஓடு..."

"ஐயா, தீ! எழுந்திருங்கள்!"

"பாடம் பாதியில் இருக்கிறது. ஒப்பித்து முடிக்காமல் யாரும் எழக்கூடாது" என்றார் வாத்தியார்.

"மூங்கில் வெடிப்பது கேட்கவில்லையா?"

"மடித்த காதில் எப்படியம்மா கேட்கும்?" என்றது அவளுடைய சின்னக் குட்டி குண்டுமணி.

அதற்குள் புகை வகுப்புக்குள் நுழைந்தது. நெடுஞ்செவியார் துள்ளி எழுந்தார்.

"பயப்படாதீர்கள்! இதற்குத்தானே படித்தோம்! எல்லோரும் கிழக்கே!"

மடித்த காதோடு வாத்தியாரும் குட்டிகளும் ஓடினார்கள். தும்பையும் பின்னால் ஓடினாள். சற்றுத் தூரம் போனதும் அவளுக்குத் திக்கென்றது. முன்னால் போகும் குட்டிகள் கிளப்பிய புழுதி அவள் முகத்தில் படவேயில்லை. வளை தோண்டுகிற முயலுக்குப் புழுதி போகும் திசை தெரியாதா? அது குட்டிகளோடு சேர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது!

"நில்லுங்கள்!" என்று கத்தினாள். "காற்று கிழக்கே அடிக்கிறது. தீயும் காற்றோடுதான் வரும்! பாறையைச் சுற்றிக் காய்ந்த புல் மண்டிக் கிடக்கிறது. அங்கே போனால் வெந்துபோவோம்!"

"வாயை மூடு!" என்றார் வாத்தியார். "என் தாத்தாவுக்குத் தாத்தா அந்தப் பாறையில்தான் உயிர் பிழைத்தார். அவரைவிட நீ அறிவாளியோ?"

"அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஐயா?"

வாத்தியார் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். அது பாடத்தில் இல்லை.

பின்னால் வெக்கை ஏறியது. குட்டிகள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தன. தும்பைக்கும் பயம்தான். தவறாகச் சொல்லிவிட்டால் இத்தனை குட்டிகளும் சாகுமே!

"என்னை நம்ப வேண்டாம். காதை நிமிர்த்துங்கள்! ஒரு பிடி புழுதியை மேலே வீசி நீங்களே பாருங்கள்!"

வீசின. எல்லாப் புழுதியும் கிழக்கே பறந்தது.

"மறுபடி வீசிப் பார்ப்போம்!" என்றது குண்டுமணி. மறுபடியும் கிழக்கே!

வாத்தியாரும் ஒரு பிடி வீசினார். பிறகு மெல்லத் தன் காதுகளை நிமிர்த்தினார். தீயின் இரைச்சல் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கே போவது, தும்பை?"

"வடக்கே, ஆற்று மணலுக்கு! காற்றுக்குக் குறுக்கே ஓடுவோம். மணலில் எரிய ஒன்றுமில்லை!"

எல்லோரும் ஓடினார்கள். ஒரு தீப்பொறி கடைசிக் குட்டியின் வாலைச் சுட்டது. மணலில் விழுந்து திரும்பிப் பார்த்தபோது, கிழக்குப் பாறை தீக்குள் மறைந்துபோயிருந்தது.

நெடுஞ்செவியார் மூச்சு வாங்க நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"புதுப் பாடம்! புகை கண்டால் வடக்கே ஓடு! எல்லோரும் சொல்லுங்கள்!"

"ஐயோ, வேண்டாம் ஐயா!" என்று பதறினாள் தும்பை. "நாளைக்குத் தீ வடக்கேயிருந்து வந்தால்? தீ எங்கே, காற்று எங்கே என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்!"

வாத்தியார் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார்.

"இப்போது காற்று எந்தப் பக்கம்? எனக்கும் தெரியாது, பிள்ளைகளே. வாருங்கள், பார்ப்போம்."

பாடம் எத்தனை பழையதானாலும், அதை இன்றைய காற்றில் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.