கல்லுக்கு மட்டும் நைந்த நூல்

“ஏலேய் தொம்மை, ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் உன் கல்லை நான் தூக்குவேன்? என் தாடை கழன்று விழுந்தால் உன் பெண்டாட்டி வந்து மாட்டிவிடுவாளா?”

கடலுக்கு அடியில், பாறை இடுக்கில் இருந்துகொண்டு இப்படிக் கத்தியது களவா மீன். மேலே வள்ளத்தில் உட்கார்ந்து, தூண்டில் கயிற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் தொம்மை.

அந்தக் காலத்தில் மீன்களுக்குப் பேச்சு இருந்தது. அடியில் பேசுவது கயிறு வழியாக ஏறி வரும். மேலே பேசுவது அதே கயிறு வழியாக இறங்கிப் போகும். அது எப்படி முடியும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். நான் தடுக்கப் போவதில்லை.

தொம்மைக்கும் களவாவுக்கும் ஓர் ஏற்பாடு. தூண்டில் அடிவரை இறங்க அவன் கட்டியிருக்கும் கல் பாறையில் சிக்கினால் அவள் வாயால் கவ்வித் தூக்கி விடுவாள். பதிலுக்கு அவன் அவள் வாசலில் தூண்டில் முள்ளைப் போட மாட்டான். தள்ளிப் போட்டு விளமீன் பிடித்துக்கொள்வான். போகும்போது இரையில் மிஞ்சிய கணவாய்த் துண்டை அவளுக்கு இறக்கிவிடுவான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தூக்குகிறவள் ஒருத்தி, சிக்கவைக்கிறவன் ஒருத்தன் என்றால் எத்தனை நாளைக்கு நல்லாயிருக்கும்?

“கோபப்படாதேயக்கா. நீரோட்டம் அப்படி இழுக்குது, நான் என்ன செய்ய?”

“நீரோட்டத்தைச் சொல்லாதே. உன் சாமானைச் சொல்லு. அது தூண்டிலா, தேர்வடமா?”

களவா சொன்னதில் தப்பில்லை. தொம்மைக்கு எதுவும் தடியாக இருக்க வேண்டும். கம்பு உலக்கை மாதிரி. மீன் கடித்தாலும் நுனி அசையாது. கயிறு சுற்றுகிற உருளையைக் கையில் பிடித்தால் வழுக்குகிறது என்று வள்ளத்தின் குறுக்குப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டான். கயிறோ அவன் மனைவி பிரகாசி திரித்தது. அவள் திரித்த கயிறு அறுந்ததாக அந்தக் கடற்கரையில் யாரும் சொன்னது கிடையாது. சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. அதே கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி, அதற்குச் சற்று மேலே முள்ளையும் கட்டியிருந்தான்.

கல் அவன் மாமனார் கொடுத்தது. மணல் மட்டுமே உள்ள கரையில் நல்ல கல் கிடைப்பது லேசில்லை. மாமனார் எங்கிருந்தோ கொண்டுவந்து, உட்கார்ந்து துளை போட்டு, கல்யாணத்தன்று மருமகன் கையில் வைத்தார். அதனால் தொம்மை கல்லை விடமாட்டான். விடப் போவதில்லை என்பதால் கத்தியும் கொண்டுபோக மாட்டான். அறுக்கிற எண்ணமே இல்லாதவனுக்குக் கத்தி எதற்கு என்பது அவன் நியாயம். கத்தி வீட்டில் பிரகாசியோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் கல் சிக்கியது. களவாவின் வாசல் இடுக்கிலேயே, ஆழமாக. அந்த நேரம் பார்த்துக் கொண்டல் காற்று எழும்பியது. வள்ளம் கரைப்பக்கம் போகத் துடிக்கிறது, கயிறு விடமாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து நின்ற வள்ளத்துக்குள் அலை தாவியது.

“யக்கா, சீக்கிரம் தூக்கு! தண்ணி ஏறுது!”

“கயிற்றைத் தளர விடுடா, பாவி. விறைப்பாக இருந்தால் எப்படித் தூக்குவேன்?”

தளர விட உருளையில் கயிறு மிச்சம் இல்லை. உருளையைக் கட்டிய முடிச்சோ நனைந்து இறுகிப்போய் நகத்துக்குக்கூட இடம் தரவில்லை.

களவா முனகிக்கொண்டே வந்தாள். திட்டிக்கொண்டே உதவுகிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம். கீழ்த்தாடையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. கயிறு வெட்டி இழுத்தது. கல்லுக்கு மேலே தொங்கிய முள் அவள் உதட்டில் ஏறியது.

“தொம்மை! நான்தான்டா! இழுக்காதே!”

அவன் இழுக்கவில்லை. காற்று இழுத்தது. கயிற்றின் ஒரு பக்கம் வள்ளம், மறு பக்கம் இடுக்கில் மாட்டிய கல், நடுவில் அவள் வாய். ஒவ்வோர் அலைக்கும் வள்ளம் ஏறியது, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அவள் அலறல் கயிறு வழியாக வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. கயிறு அறுந்தால் அவளும் பிழைப்பாள், அவனும் பிழைப்பான். அறாத கயிறு!

தொம்மை குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்தான். இழை இழையாகக் கடித்தான். முன்பல் இரண்டு போயிற்று. வாயில் ரத்தமும் உப்புமாக, “பொறுத்துக்கோயக்கா, இதோ ஆச்சு, இதோ ஆச்சு” என்று சொல்லிக்கொண்டே கடித்தான். கீழே அலறல் முனகலானது. கடைசி இழை போகும்போது முனகலும் இல்லை.

கயிறு அறுந்தது. வள்ளம் ஒரே பாய்ச்சலில் கரைக்கு வந்து சேர்ந்தது.

“பல் எங்கே?” பிரகாசி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஒரு கத்தி எடுத்துட்டுப் போக உங்களுக்கு வலிக்குதா?” என்று ஆரம்பித்தாள். மேற்கொண்டு நிறையச் சொல்வதாகத்தான் இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. “நான் திரிச்சா அறாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். அறாம அறாம, கடைசியில ஒரு சீவனைக் கிழிச்சிருக்கு.”

காற்று அடங்கும் வரை இருவரும் சாமான்களைப் புதிதாகச் செய்தார்கள். உலக்கைக் கம்பை அடுப்பில் வைத்தாள். நுனி மெலிந்து வளைகிற கம்பாக ஒன்றை அவன் தேடி எடுத்தான். உருளையைப் பலகையில் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். கயிற்றைப் பழையபடி கெட்டியாகவே திரித்தாள். ஆனால் அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போன வேறொரு கல்லை எடுத்து அவன் கயிற்றோடு முடியப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். தன் பழஞ்சேலை ஓரத்திலிருந்து நைந்த நூலை உருவி, கல்லை அதில் கட்டினாள்.

“இது ஒரு இழுப்புக்குத் தாங்காதே பிரகாசி.”

“தாங்க வேண்டாம். இனிமே சிக்கினா கல்லு போகட்டும். முள்ளு வரட்டும், கயிறு வரட்டும், நீங்க வாங்க. எங்கப்பா ஒண்ணும் எழுந்து வந்து கல்லு எங்கேன்னு கேக்க மாட்டார்.”

தொம்மை அதே இடத்துக்குப் போனான். அன்றைக்கு முள்ளே கட்டவில்லை. முழுக் கணவாயாக ஒன்றைக் கட்டி அவள் வாசலில் இறக்கினான்.

“யக்கா, நான்தான். தாடை எப்படி இருக்கு?”

கயிறு சும்மா இருந்தது. ஒரு விரலைக் கயிற்றின்மேல் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து டொக் டொக் என்று இரண்டு தட்டு. கணவாயை யாரோ வாங்கிக்கொண்டார்கள். பேச்சு வரவில்லை. கல் வழக்கம்போல் சிக்கியது. அவன் காத்திருந்தான், யாரும் தூக்கவில்லை. மெல்ல இழுத்தான். நைந்த நூல் பட்டென்று விட்டது. கல் கீழே தங்கிவிட, கயிறு மட்டும் நோகாமல் மேலே வந்தது.

களவாவின் கீழ்த்தாடை இப்படித் துருத்திக்கொண்டு நிற்பதும், ஆளைக் கண்டால் அது இடுக்குக்குள் போய் வாயடைத்துக் கிடப்பதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எவ்வளவு கெட்டியான கயிறு போட்டாலும் கல்லுக்கு மட்டும் மெல்லிய நூல் கட்டும் வழக்கமும் அந்தப் பழஞ்சேலையிலிருந்து வந்ததுதான். இன்றைக்கு விலை உயர்ந்த கம்பும் பளபளக்கிற ரீலும் வைத்துக்கொண்டு வள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். அவர்களும் ஒரு விரலைக் கயிற்றின்மேல் வைத்து, எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். தொம்மையும் தன் காலம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

“யக்கா, திட்டவாவது ஒரு வார்த்தை பேசேன்.”