பரிசலுக்கு இரவல் கொடுத்த தலை

காவிரித் தண்ணீர்மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இந்த நிமிஷமே அழுகிப்போகட்டும்!

அந்தக் காலத்தில், எருமைகள் நம்மைப்போலப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்றைக் கடக்கப் பரிசல் கிடையாது. எருமை வாலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கரை போவார்கள். மாதன் என்பவனுக்கும் காரி என்றொரு எருமை இருந்தது. கிழடு தட்டிச் சாகக் கிடந்த அன்று அது அவனைக் கூப்பிட்டது.

"மாதா, என் தோலை வீணாக்காதே. வட்ட மூங்கில் கூடைக்குப் போர்த்தி ஆற்றில் விடு. செத்தும் உன்னைச் சுமப்பேன். தலையை மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி கரையில் புதை. எனக்கு வழி தெரியணும்."

"புதைக்கிறேன், சத்தியம்" என்றான்.

காரி செத்ததும் தலையை அறுத்து வைத்துவிட்டு, தோலைக் கூடையில் இழுத்துக் கட்டி முடிக்கும்போது குடிசைக்குள் அவன் பெண்சாதி கெம்பி அலறினாள். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. அதைத் திருப்பத் தெரிந்தவள் அக்கரையில் இருந்த அவள் அம்மா நஞ்சி ஒருத்திதான். ஆற்றிலோ புதுவெள்ளம். கரையெல்லாம் பாறை. குழி தோண்ட ஏது நேரம்? மாதன் காரியின் தலையைக் காலால் ஆற்றுக்குள் தள்ளிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மாமியாரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பட்டப்பகலில், நடு ஆற்றில் கூடை நின்றது. வெள்ளம் ஓடுகிறது, கூடை மட்டும் நிற்கிறது. பிறகு மெல்லச் சுற்றத் தொடங்கியது. காலடியில் ஈரத்தோல் மூச்சு விட்டது.

"மாதா, என் முகம் எங்கே?"

"யாரு மாப்பிள்ளை அது, அடியிலிருந்து பேசுறது?" என்றாள் நஞ்சி.

"காரி. தலையைப் புதைக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டு ஆத்துல தள்ளிட்டேன்" என்றான். ஓட்டத்துக்கு எதிராக ஒரு கொம்புத் தலை மிதந்து வந்தது. கண் திறந்தே இருந்தது. கூடை சுற்றச் சுற்ற அதுவும் கூடவே சுற்றியது.

"சொன்ன வாக்கை விட்டுட்டீங்களாக்கும்! பொண்ணு கேட்டு வந்தப்பவே தெரியும், நீங்க அவசரக் குடுக்கைன்னு. அங்கே என் மக துடிக்கிறா. அதுகிட்ட ஏதாவது பேசித் தொலைங்க!"

"காரி, தப்புத்தான். வேணும்னா என் தலையை எடுத்துக்கோ. அத்தையைக் கரை சேர்த்துடு."

சுற்று நின்றது.

"அறுக்க வேண்டாம். இரவல் கொடு. தண்ணீரில் போகும்போது முன்விளிம்பில் மண்டிபோட்டு எனக்காகப் பார். கரையிலும் எனக்குத் தலை வேண்டும்."

மிதந்த தலை கண்ணை மூடிக்கொண்டு மூழ்கியது.

மாதன் விளிம்பில் மண்டியிட்டு முகத்தை நீட்டினான். கூடை நேராகக் கரைக்கு வந்தது. நஞ்சி குடிசைக்குள் ஓடினாள். அவன் கூடையைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வாசலில் போய் நின்றான், இரண்டு காலில் நிற்கும் எருமை முதுகு மாதிரி. பிள்ளை அழுத பிறகுதான் கழற்றினான். உள்ளிருந்து வந்தது புருஷன் முகம்தானா என்று கெம்பி பிள்ளையை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

அன்று முதல்தான் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை; கொஞ்சம் விட்டால் நடு ஆற்றில் சுற்றிச் சுற்றி முகம் தேடுகிறது. தோல் போய்த் தார்ச்சாக்கு வந்தும் பரிசல்காரர் முன்விளிம்பில் குனிந்துதான் துடுப்புப் போடுகிறார். கரையேறியதும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் நடக்கிறார். கழற்றும்போது அவர் முகத்தைச் சட்டென்று பார்த்துவிடாதீர்கள். இதைச் சொன்னது யாரென்று அவரிடம் சொல்லியும் தொலைக்காதீர்கள். நாளைக்கு நானும் அக்கரை போகணும்.