மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தவர்

சாகத் தயாராகிக்கொண்டிருந்த மனுஷனுக்கு மடத்தில் மாலை போட்டார்கள். நடந்த தப்பு அதுதான்.

ஆவுடையப்பனுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி போய் ஒரு வருஷம். பசுவை மடத்துக்குக் கொடுத்தார். ரேடியோவை அடுத்த வீட்டுச் செண்பகவடிவுக்குக் கொடுத்தார். அதைப் பார்த்து மாலை போட்டவர் சீடர் சிதம்பரநாதன். ஆபீஸ் வேலையெல்லாம் முடித்து அறுபதில் மடத்துக்கு வந்தவர்.

வெளியூர் போயிருந்த குரு திரும்பினார். சீடருக்கு வாயெல்லாம் பல்.

“சாமி, நம்ம ஊரிலேயே ஒரு துறவி. நேத்து மூக்குக்கண்ணாடியைக்கூட எங்கிட்டக் கொடுத்துட்டார்.”

“கண்ணாடியையா?”

“ஆமா சாமி. இனிமே பார்க்க என்ன இருக்குன்னார். எப்பேர்ப்பட்ட வார்த்தை!”

“கொண்டாரும் அதை.”

குரு அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். செருப்புக்கூடப் போடவில்லை. நடந்தார். சீடர் பின்னால் ஓடினார்.

ஆவுடையப்பன் கட்டிலில் இருந்தார். மாலை ஆணியில் காய்ந்து தொங்கியது. குரு தரையில் உட்கார்ந்தார்.

“ஆவுடையப்பரே, செத்துப்போயிடலாம்னு நினைக்கிறீரா?”

சீடர் பதறினார். “சாமி! இல்லாத நினைப்பை நாமளே கிளப்பி விடலாமா?”

“சும்மா இரும்.”

ஆவுடையப்பன் ஆமென்று தலையை அசைத்தார். அப்புறம் அழுதார்.

“எல்லாரும் கும்பிட்டாங்க சாமி. ஒருத்தரும் கேக்கல.”

குரு உபதேசம் எதுவும் செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டார். “சாப்பிட்டீரா?” என்றார். சீடரிடம் திரும்பினார். “அடுத்த வீட்டுல விஷயத்தைச் சொல்லும். இவரைத் தனியா விடக்கூடாது. நான் இங்கேயே இருக்கேன்.”

செண்பகவடிவு ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏன் அண்ணாச்சி, ஓட்டை ரேடியோவை என் தலையில கட்டிட்டு எங்க போகப் பாத்திய?”

திட்டும்போதே குரல் உடைந்தது. மறுநாள் அவளே அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொல்ல வைத்தாள்.

மழைக்காலம் போனது. ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து பசுவைத் திருப்பிக் கேட்டார். சீடர் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் குருவிடம் சொன்னார்.

“ஒரே கேள்வியில காப்பாத்திட்டீங்க சாமி.”

“உளறாதேயும். நான் கேட்டது ஒரு நாள். தினம் காலையில கதவைத் தட்டி, ‘அண்ணாச்சி, இன்னிக்கு மனசு எப்படி?’ன்னு கேக்கறவ செண்பகவடிவு.”