ஒரு வாய் மிச்சம்

"சென்செய், சோத்தை மிச்சம் வைக்கவனுக்கு மறுபடியும் போடுதாவ. பருக்கை விடாம வழிச்சுத் திங்கவன் கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போயிருதாவ. இது என்ன ஊரு?"

கேட்டவர் இன்பசேகரன். வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஜப்பானின் ஒரு துறைமுக ஊரில், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஷுன்கோ. குன்றின் மேலிருக்கும் சின்னக் கோயிலின் துறவி. இன்பசேகரனைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லித் தருவார். சென்செய் என்றால் அங்கே வாத்தியார்.

பேச்சு ஜப்பானிய மொழியில்தான் நடந்தது. ஆனால் இன்பசேகரன் எந்த மொழியைப் பேசினாலும் அதில் தாமிரபரணி ஓடும். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"யார் கிண்ணத்தை எடுக்கிறாங்க?"

"நொபுயோ அம்மா. தளத்து வாசல்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காவல்லா, அவியதான்."

எட்டு நாற்காலிக் கடை. நொபுயோவே சமைப்பார், நொபுயோவே பரிமாறுவார். சுட்ட கானாங்கெளுத்தி மீன், மிசோ சூப், முள்ளங்கி ஊறுகாய், ஒரு கிண்ணம் சோறு. சோறு மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் உண்டு என்று சுவரில் எழுதியிருந்தது. அதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததே ஷுன்கோதான்.

"நீங்க எத்தனை தடவை வாங்கினீங்க?"

"ஏழு மாசத்துல ஒரு தடவைகூட இல்ல."

"கேட்டீங்களா?"

இன்பசேகரனுக்குச் சுருக்கென்றது.

"சோத்தைக் கேட்டு வாங்கித் திங்கச் சொல்லுதியளா? சுவத்துல எழுதிட்டா ஆச்சா? 'இன்னும் கொஞ்சம்'னு ஒரு வார்த்தை வாயில வர வேண்டாமா? பக்கத்துல ஒரு லாரிக்காரன். தினமும் ஒரு வாய்ச் சோத்தைக் கிண்ணத்துல விட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பான். அவனுக்கு ஓடி வந்து ரொப்புதாவ. எனக்குக் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு ஒரு கும்பிடு. பெரிய கும்பிடு வேற!"

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ராஜினாமா.

"சனிக்கிழமை ஒரு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துட்டா மாசக் கடைசியில ஊருக்குப் போயிரலாம்."

"ஏப்ரல்ல உங்க கப்பல் கடல்ல இறங்குமே."

அந்தக் கப்பலின் அடிப்பகுதியில் முதல் பற்றவைப்பு இன்பசேகரனுடையது. அது மிதப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"பசி பெருசு இல்ல சென்செய். வேண்டாதவனா உக்காந்து திங்கதுதான் முடியல."

ஷுன்கோ கடிதத்தை முழுக்க வாசித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். திருப்பிக் கொடுத்தார்.

"புதன்கிழமை அவங்க கடை லீவு. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க."

"நானா? அவியளுக்கா?"

"உங்க ஊர் வழக்கப்படி. ஒரு குறையும் இல்லாம."


வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்பசேகரன் மறுபடியும் குன்றேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"நொபுயோ அம்மா ரெண்டு நாளா கடை தொறக்கல. நான்தான் காரணம்."

ஷுன்கோ தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பொங்கலுக்கு வரவழைச்ச வாழை இலை பிரிட்ஜ்ல மிச்சம் இருந்துச்சு. இலை போட்டு, அவியல், மீன் குழம்பு, ரசம், எல்லாம் வச்சேன்."

"சாப்பிட்டாங்களா?"

"பருக்கை விடாம."

"அப்புறம்?"

"மறுபடியும் போட்டேன்."

"சாப்பிட்டாங்களா?"

"பருக்கை விடாம. மறுபடியும் போட்டேன்."

"எத்தனை தடவை?"

"அஞ்சு."

ஷுன்கோவுக்குச் சிரிப்பு வந்தது. துறவி என்பதால் அடக்கிக்கொண்டார்.

"அஞ்சாவது தடவை அவிய கண்ணுல தண்ணி நின்னுச்சு. உறைப்பு போலன்னு மோர் ஊத்தினேன். அதையும் குடிச்சாவ. ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய போனவிய, மாடிப்படியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாவ. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு."

"போதும்னு சொல்லலையா?"

"எங்க ஊர்ல அதை வாயால சொல்ல வேண்டாம். இலையை மடிச்சாப் போதும்."

"ஏன் மடிக்கல?"

"அது அவியளுக்கு எப்படித் தெரியும் சென்செய்?"

"நீங்களாவது நிறுத்தியிருக்கலாம்."

இன்பசேகரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இலை காலியாக் கெடக்கு. எப்படி நிறுத்த? காலி இலைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னா நான் மனுஷனா? காலியா இருந்தா இன்னும் வேணும்னுதானே..."

பாதியில் நின்றுவிட்டார்.

"கடையில உங்க கிண்ணம்?" என்றார் ஷுன்கோ.

"அப்ப இங்க காலிக் கிண்ணம்னா போதும்னு அர்த்தமா?" என்றார் இன்பசேகரன். தேநீர் ஆறிப்போனது.


சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குக் கடை திறந்திருந்தது. நொபுயோவின் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இன்பசேகரனைப் பார்த்ததும் அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. பிறகு வணங்கினார்.

இன்பசேகரன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அலுவலகம் ஐந்து நிமிட நடை.

மீன் முடிந்தது. சூப் முடிந்தது. கிண்ணத்தில் ஒரு வாய்ச் சோறு இருந்தது.

அதை விட்டுவைப்பது லேசாக இல்லை. ஐம்பத்தொரு வருடத்தில் அவர் சோற்றை மிச்சம் வைத்ததே கிடையாது. கை இரண்டு தடவை அதை நோக்கிப் போனது. மூன்றாவது தடவை, குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

நொபுயோ கிண்ணத்தைப் பார்த்தார். இன்பசேகரனைப் பார்த்தார். மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தார்.

ஓடி வந்தார். கிண்ணத்தை எடுத்துப் போய்க் குவியலாகச் சோறு போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தார். உடனே நகரவில்லை.

"ஏழு மாசமா ஒரு கிண்ணத்தோட நிறுத்தினீங்க. என் சோறு உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றார். "மூணு தடவை அரிசியை மாத்தினேன்."

இன்பசேகரன் குனிந்து சாப்பிட்டார். அந்தச் சோற்றை அன்றுதான் முதல் தடவையாக ருசி பார்த்துச் சாப்பிட்டார்.

தளத்தில் ஒரு மணிச் சங்கு ஊதியது. அலுவலகத்தைப் பூட்டியிருப்பார்கள்.

கிண்ணத்தில் ஒரு வாய்தான் பாக்கி. வயிற்றில் இடமே இல்லை.

இன்பசேகரன் நொபுயோவைப் பார்த்தார். தெரிந்தே குச்சிகளைக் கீழே வைத்தார்.