கரடியிடம் யாரும் கேட்கவில்லை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், பெரிய மருத மரம் ஒன்று நின்றது. அதன் நடுவே ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் யாராவது தும்மினால்கூடப் போதும், காட்டின் மறுகோடிவரை கேட்கும். அப்படிப்பட்ட பொந்தில் யார் குடியிருந்தது தெரியுமா, குழந்தைகளே? சலங்கை என்ற மைனா! காட்டிலேயே அதிகம் பேசும் பறவைக்குக் காட்டிலேயே அதிகம் ஒலிக்கும் வீடு வாய்த்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்!

தினமும் வெயில் தாழ்ந்ததும் சலங்கை தொண்டையைச் செருமிக்கொள்ளும். "காட்டு மக்களே, சலங்கை பேசுகிறேன்!" என்று ஆரம்பிக்கும். எந்த அத்தி பழுத்திருக்கிறது, எந்தப் பாறையில் தேன்கூடு கட்டியிருக்கிறது, எந்தக் குரங்குக்கும் எந்தக் குரங்குக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் வரும். மான்கள் அசைபோட்டபடி கேட்கும். அணில் கூட்டுக்கு நார் கிழித்தபடி கேட்கும். காட்டுப்பன்றி சேற்றில் படுத்தபடி கேட்கும். பாதியில் தூங்கியும் போகும்.

கூட்டம் கலைந்ததும் சலங்கை காதுகளை எண்ணிப் பார்க்கும். "நேற்று நாற்பது காது. இன்றைக்கு நாற்பத்திரண்டு!" என்று பூரித்துப்போகும். பறவைகளின் காது வெளியே தெரிவதில்லையே, அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்பது மட்டும்தான் அதன் கவலை.

அந்தக் கோடையில் ஆறு வற்றிவிட்டது. ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் இருந்தது. யார் எப்போது குடிப்பது என்று முறை வைத்து, சண்டை வராமல் காக்க, எல்லா விலங்குகளும் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தன. கருமேகன் என்ற கரடிதான் அந்த மடுக்காவலர். அதிகம் பேசாத கரடி. மூக்கில் எப்போதும் புற்றுமண் ஒட்டியிருக்கும்.

ஒரு நாள் காலை, ஆட்காட்டிக் குருவி பதறியடித்துக்கொண்டு மருத மரத்துக்கு வந்தது. மடுவின் கரையில், வெறும் மணலில் முட்டையிடும் குருவி அது.

"சலங்கை அக்கா! நான்கு முட்டை இட்டிருந்தேன். பூச்சி தேடிப் போய்விட்டு விடியும்போது திரும்பி வந்தால் மூன்றைக் காணோம். ஒன்றுதான் மிச்சம்."

"ஐயோ! யார் எடுத்தது?"

"தெரியவில்லை. கருமேகன் ஐயா அந்தப் பக்கமிருந்து நடந்து போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். யாருக்காவது வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டுச் சொல், அக்கா. நான் சொன்னதை மட்டும் சொல்."

"கவலைப்படாதே. சாயங்காலம் பார்!" என்றது சலங்கை.

குருவி போன சிறிது நேரத்தில் மரத்தடியில் சருகு சலசலத்தது. ஓர் உடும்பு தலையை நீட்டியது.

"அம்மா சலங்கை, என் பெயர் வெளியே வரக்கூடாது. வராது என்றால் ஒன்று சொல்வேன்."

"வராது. சொல், சொல்!"

"கரடியின் வாயெல்லாம் மஞ்சள். முட்டை வாடை வேறு வீசுகிறது. எனக்கெதற்கு வம்பு? நான் வருகிறேன்."

சலங்கைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுவரை அத்திப்பழக் கதை சொல்லித்தான் நாற்பத்திரண்டு காது. மடுக்காவலர் கதை என்றால்? நினைக்கவே இனித்தது. கரடியின் வாய் தேனாலும் மஞ்சளாகும் என்பது அதற்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தெரியாமல் இருப்பதுதான் அதற்கு வசதியாக இருந்தது.

அன்று மாலை பொந்து அதிர்ந்தது.

"காட்டு மக்களே! மூன்று முட்டைகள் காணவில்லை. விடியற்காலையில் அங்கே போனவர் யார்? நம் மடுக்காவலர்! அவர் வாயில் இருந்தது என்ன மஞ்சள்? பெயர் சொல்ல விரும்பாத, மிகவும் நம்பகமான ஒருவர் என்னிடம் சொன்னார். நான் யார்மீதும் பழி போடவில்லை. கேள்விதான் கேட்கிறேன். காவலரே திருடினால் நாம் யாரிடம் போவது?"

மான்கள் அசைபோடுவதை நிறுத்தின. பன்றிகூடத் தூங்கவில்லை. மறுநாள் எண்பது காது. அதற்கும் மறுநாள் நூற்றுப் பத்து! கிளிகள் கேட்டதைக் காடெங்கும் கொண்டுபோயின. ஆட்காட்டி தன் கண்ணால் கரடி முட்டை தின்பதைப் பார்த்ததாம் என்றது ஒரு கிளி. குஞ்சுகளையும் தின்றதாம் என்றது இன்னொன்று. ஆட்காட்டிக்குக் குஞ்சே இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள், தண்ணீர் குடிக்க வந்தவர்கள் கருமேகனைப் பார்த்து, "திருடா, இறங்கு கரையைவிட்டு!" என்று கத்தினார்கள். கரடி தலையைக் குனிந்தபடி மொட்டைப் பாறைக்கு ஏறிப் போய்விட்டது.

அதன்பிறகு மடுவில் முறையாவது, வரிசையாவது! பன்றிகள் விழுந்து புரண்டதில் தண்ணீர் கலங்கியது. மான்குட்டிகள் இடிபட்டு நொண்டின. ஒற்றை முட்டையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஆட்காட்டியிடம் ஒரு மான் போய்க் கேட்டது.

"கரடி தின்றதை நீ உன் கண்ணால் பார்த்தாயா?"

"இல்லையே! நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"பார்க்கவில்லையா? அப்படியானால் எல்லாம் பொய்யா? முட்டை காணாமல் போனதும் பொய்தானோ?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆட்காட்டி எதற்குக் குரல் கொடுத்தாலும், "பொய்க்காரி ஆரம்பித்துவிட்டாள்" என்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை குருவி மருத மரத்துக்கு வந்தது. இந்த முறை அது பதறவில்லை. அதற்குக் கோபம் வந்திருந்தது.

"அக்கா, நான் உன்னிடம் ஒரு வாய் உண்மை சொன்னேன். நீ அதில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டாய். இப்போது என் உண்மையையும் யாரும் நம்பவில்லை. என் கடைசி முட்டைக்கு ஏதாவது வந்தால், நான் கத்தினாலும் ஒருவரும் வரமாட்டார்கள். இது யாரால்?"

"நான் கேள்விதானே கேட்டேன்..." என்று இழுத்தது சலங்கை.

குருவி முட்டையிடம் பறந்து போய்விட்டது.

சலங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூற்றுப் பத்து என்று எண்ணிப் பார்த்தது, அது இனிக்கவில்லை. கடைசியில் சிறகை விரித்து மொட்டைப் பாறைக்குப் பறந்தது.

கருமேகன் பாறை நிழலில் படுத்திருந்தது. மைனாவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தது.

"ஐயா, அன்றைக்கு விடியற்காலையில் ஆட்காட்டியின் கூட்டுப் பக்கம் போனீர்களா?"

"போனேன். உடும்பு முட்டை தின்றுகொண்டிருந்தது. துரத்திவிட்டேன். அதனால்தான் ஒன்றாவது மிஞ்சியது."

"உடும்பா! இதை ஏன் நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை?"

"எல்லாரிடமும் கேள்வி கேட்டாயாமே, அம்மா. என்னிடம் மட்டும் கேட்கவில்லையே."

சலங்கையால் தலை நிமிர முடியவில்லை. எத்தனை கேள்வி கேட்டிருந்தது! அத்தனையும் கரடியைப் பற்றி. ஒன்றுகூடக் கரடியிடம் இல்லை.

"என்மேலும் தப்பு உண்டு," என்றது கரடி மெதுவாக. "முந்தின நாளே உடும்பு கரையில் சுற்றுவதைப் பார்த்தேன். குருவியை எச்சரித்திருக்க வேண்டும். காவலர் செய்ய வேண்டிய வேலை அது. செய்யத் தவறிவிட்டேன். அதையும் நீ சொல்."

சலங்கை நேரே மடுக்கரைக்குப் பறந்தது. கேட்டதோடு விடக்கூடாது, கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்று இப்போதுதான் அதற்குத் தோன்றியது. கூட்டிலிருந்து சற்றுத் தள்ளி, புதருக்கு அடியில், யாரும் மிதிக்காத மணலில் நகத் தடங்கள் இருந்தன. தடங்களுக்கு நடுவே கயிற்றை இழுத்துப் போனதுபோல நீளமாக ஒரு கோடு. வாலின் கோடு. கரடிக்கு ஏது அவ்வளவு நீள வால்!

மாலையில் மரத்தடியில் மறுபடியும் சருகு சலசலத்தது.

"சலங்கையம்மா, இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் பேசேன். சுவையாகப் பேசேன். ஒருவர்கூட இடத்தைவிட்டு அசையக்கூடாது!" என்று சொல்லிவிட்டு உடும்பு புதருக்குள் மறைந்தது.

ஏன் அப்படிச் சொன்னது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. சலங்கைக்கும் புரிந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்தது. அவ்வளவு காதுகளை அந்த மரம் அதற்குமுன் கண்டதில்லை. அத்தனை காதுகளும் இன்னொரு கரடிக் கதைக்காகக் காத்திருந்தன. சலங்கை, பழி சொன்ன அதே குரலில், அதே சத்தத்தில் பேசியது.

"காட்டு மக்களே! சலங்கை பேசுகிறேன். நான் தப்புச் செய்துவிட்டேன். ஆட்காட்டி தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள். அவள் சொல்லாததை எல்லாம் சேர்த்தது நான். கரடி ஐயாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுதான் கேட்டேன். உடும்பைத் துரத்தி ஒரு முட்டையைக் காப்பாற்றியவர் அவர். குருவியை முன்பே எச்சரிக்கத் தவறியதும் அவர்தான். அதை அவரே ஒப்புக்கொண்டார். மணலில் இருப்பது வாலின் தடம். நானே பார்த்தேன். நான் நம்பகமானவர் என்று சொன்னேனே, அது அந்த உடும்புதான்!"

"அப்படியானால் இத்தனை நாள் நீ சொன்னது?" என்று ஒரு குரங்கு கத்தியது.

"பொந்து பெரிதாக இருந்தது. நான் பொறுப்பாக இல்லை. இன்றைக்கு இனி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மடுக்கரைப் பக்கம் காதைத் திருப்பி நீங்களே கேளுங்கள்!"

சலங்கை வாயை மூடிக்கொண்டது. பல நாளுக்குப் பிறகு அந்த மாலை நேரத்தில் காடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மடுக்கரையிலிருந்து ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ!

"ஓடுங்கள்!" என்றது குருவியை முதலில் சந்தேகித்த அதே மான். குளம்புகள் தடதடத்தன. எதிர்ப்பக்கம் மொட்டைப் பாறையிலிருந்து கருமேகனும் உருண்டு புரண்டு ஓடிவந்தது. முட்டைக்கு ஒரு சாண் தள்ளி நாக்கை நீட்டியபடி நின்ற உடும்பு, இத்தனை பேரையும் பார்த்ததும் திரும்பி ஓட்டமெடுத்தது. பன்றிகள் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை விரட்டிவிட்டுத்தான் திரும்பின.

எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். மான் கரடியிடமும் குருவியிடமும் மன்னிப்புக் கேட்டது. கருமேகன் குருவிக்கு முன்னால் போய், "நானும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தாயே," என்றது.

அன்றிலிருந்து அந்த முட்டையை எல்லாரும் கண்போலக் காத்தார்கள். பத்தாம் நாள் அது பொரிந்தது. பஞ்சுபோன்ற குஞ்சு ஒன்று, பொரிந்த சிறிது நேரத்திலேயே மணலில் ஓட ஆரம்பித்தது. கருமேகன் மீண்டும் மடுக்காவலரானது. இப்போது தினமும் காலையில் முதலில் போய்ப் பார்ப்பது குருவியைத்தான்.

சலங்கை? பாதிக் கூட்டம் அதைவிட்டுப் போய்விட்டது. மீதிக் கூட்டத்துக்கு அது தொடர்ந்து பேசியது. ஒரு மாலை கிளி மூச்சிரைக்க வந்து, "சலங்கை! கொக்கைப் பற்றி ஒரு விஷயம் கேள்விப்பட்டேன், கேட்டால் அசந்துபோவாய்!" என்றது.

"நீ பார்த்தாயா?"

"இல்லை. சொன்னார்கள்."

"கொக்கிடம் கேட்டாயா?"

"கேட்கவில்லையே."

"வா, இரண்டு பேரும் போய்க் கேட்டுவிட்டு வருவோம்," என்றது சலங்கை. பிறகு பொந்துக்குத் திரும்பி, "காட்டு மக்களே, இன்றைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தெற்கு ஓடையில் அத்தி பழுத்திருக்கிறது. அது மட்டும் உறுதி, இப்போதுதான் தின்றேன்!" என்றது.

மான்கள் சிரித்துக்கொண்டே அசைபோட்டன. சலங்கை அன்று காதுகளை எண்ணவில்லை.

நீதி: ஒருவரைப் பற்றி ஊரறியப் பேசும் முன், அவரிடமும் கேட்க வேண்டும், முறையிட்டவர் சொன்னதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.